தோல் சீட்டின் மேல் தென்னந்தடுக்கு

ஒற்றை மாட்டு வண்டியில் ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குள் நுழைந்தவன் நான். தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எந்த ஊர்த் தொட்டியில் தோல் ஊறினாலும் அதில் நான் ஏற்றி வந்த பட்டை இருந்த காலம் ஒன்று உண்டு. வண்டிகளைச் சேர்த்து ஒரு செட்டு ஆக்கினேன். பாலாற்று மணலில் சக்கரம் புதைகிறது என்று எல்லோரும் தலையில் கை வைத்தபோது, பனந்துண்டுகளைக் குறுக்கே அடுக்கி வழி போட்டேன். இரும்பு உருக்குகிற வெயிலில் வண்டிக்காரர்கள் நிற்க ஒரு கொட்டகையும், மாடு குடிக்க ஒரு தொட்டியும் கட்டினேன். கடைசியில் மோட்டார் பஸ் வாங்கினேன். ஆம்பூரிலிருந்து சோளிங்கபுரம் மலை வரைக்கும், வழியிலுள்ள கோயில்களை எல்லாம் காட்டி, கதை சொல்லி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன முதல் யாத்திரை பஸ் என்னுடையதுதான். இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்துக்குள் போனது வாத்தியார் வீட்டு விறகை இறக்குவதற்கு மட்டுமே.

பஸ் வாங்கியதும் ஊரில் சிரித்தார்கள். பட்டை வண்டிக்காரனுக்கு மோட்டார் எதற்கு என்றார்கள். யாத்திரை பஸ் விடப்போகிறேன் என்றதும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சோளிங்கபுரம் மலை நரசிம்மர் கார்த்திகையில் மட்டும்தான் கண்ணைத் திறந்து பார்ப்பார் என்பது நம்பிக்கை. அப்போதெல்லாம் அந்த மாசத்தில் சோளிங்கபுரம் போகிறவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். இல்லாவிட்டால் ரயிலில் போய், இறங்கி நடப்பார்கள். ஆம்பூரிலே ஒரு பஜனைக் கூட்டம் இருந்தது. அரிசி மண்டி வைத்திருந்த ஒரு பெரிய மனுஷர் அதற்குத் தலைவர். அவரிடம் போய் நின்றேன்.

"ஏம்பா, உன் மோட்டார் போய்ச் சேருமா, பாதியில படுத்துக்குமா?" என்று கேட்டார்.

"மொதலாளி, ஒரு தபா வந்து பாருங்க. ஒருத்தர் கூட எறங்காம மலைக்குப் போய்ச் சேந்துட்டோம்னா, வருஷா வருஷம் உங்க யாத்திரை என் வண்டியிலதான். நடுவுல யாராவது எறங்கிட்டாங்கன்னா, இந்த ஊர்ல நான் பஸ் ஓட்டறதில்ல. பழைய மாட்டையே ஓட்டறேன்."

வாயைக் கொடுத்துவிட்டேன். மண்டியில் அரிசி வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பஸ்ஸைச் சும்மா ஓட்ட எனக்கு மனம் இல்லை. வெறும் மரப்பலகை சீட்டு. நம் ஊர்க்காரர்கள் சீமைக்கே தோல் அனுப்புகிறார்கள். நம் பஸ்ஸில் பலகையில் உட்காருவதா? மேல்விஷாரத்தில் எனக்கு ஒரு தோஸ்த் இருந்தார். தோல் ஷாப்பு வைத்திருந்தார். என் பட்டைதான் அவர் தொட்டிக்குப் போகும். அவரிடம் சொன்னேன். பூப்போல மெத்தென்ற ஆட்டுத்தோலை அவரே பொறுக்கி எடுத்து, சிவப்புச் சாயம் ஏற்றிக் கொடுத்தார். தேங்காய் நார் வைத்துத் திணித்து, பித்தளை ஆணி அடித்து, சீட்டு சீட்டாக நானே நின்று தைக்க வைத்தேன். கலெக்டர் துரை வண்டியில்கூட அப்படி ஒரு சீட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதன்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடினேன். விரதக்காரர்கள் எண்ணெயும் மஞ்சளுமாக வருவார்கள், கறை படும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வேலூர்க் கோட்டை வாசலில் நாலு பேர் பார்க்கத் துணியை எடுத்துக் காட்ட வேண்டும் என்கிற ஆசை.

கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். ஓட்டுகிறவனும் நான், கதை சொல்கிறவனும் நான். பட்டை ஏற்றித் திரிந்த காலத்தில் நான் படுக்காத கோயில் மண்டபம் கிடையாது. ஒவ்வொரு சாமியின் கதையையும் அந்தந்த ஊர்க்காரர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். பள்ளிகொண்டாவில் ரங்கநாதரைச் சேவித்தோம். "படுத்துங்கினு கீறாரு, ஜாஸ்தி சத்தம் போட்டு எழுப்பிடாதீங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. மண்டிக்காரரும் சிரித்தார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் காற்று மாறியது. ஒரு பக்கம் நெல் வயல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு. மண்டிக்காரரின் சம்சாரம் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல பெரிய உடம்பு. அதைவிடப் பெரிய குரல்.

"ஏன் வண்டிக்காரரே, ஆம்பூரை விட்டு எவ்ளோ தூரம் வந்திருப்போம்?"

"வேலூருக்குப் பாதி வழி வந்துட்டோம்மா."

"நாம வந்துட்டோம் சரி. ஆம்பூர் நம்ம கூடவே வருதே!"

எனக்குப் புரியவில்லை. "மூக்கைத் திறந்து பாருங்க" என்றார் அந்த அம்மாள்.

அப்போதுதான் உறைத்தது. ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தோல் வாசனை என்று தனியாக ஒன்று தெரியாது. ஊரே அந்த வாசனையில்தான் மிதக்கிறது. காற்று என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். கிளம்பும்போது ஒருத்தருக்கும் மூக்கில் ஏறவில்லை. நெல் வாசனை அடிக்கிற இடத்துக்கு வந்த பிறகுதான், பஸ்ஸுக்குள் மட்டும் ஆம்பூர் இருப்பது தெரிந்தது.

விரிஞ்சிபுரம் கோபுரத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். அந்த அம்மாள் எழுந்தார், துணியை இழுத்தார். சிவப்புத் தோல் வெயிலில் பளபளவென்று மின்னியது. அவ்வளவு அழகாக அது அதற்கு முன்னும் பின்னும் மின்னியதில்லை.

"அடப்பாவி! விரதத்துல செருப்பையே தொடறதில்ல. எங்களைத் தோல்மேல உக்கார வெச்சா இட்டாந்த?"

நெருப்புப் பட்டாற்போல எல்லோரும் கீழே குதித்தார்கள். ஒருத்தர் வேட்டியின் பின்பக்கத்தைத் தட்டினார். ஒருத்தர் குளம் எங்கே என்று கேட்டார்.

"மிருதங்கம் எதுல கட்றாங்க மொதலாளி? அதுவும் தோல்தானே? கோயிலுக்குள்ளயே வாசிக்கறாங்க!" என்றேன்.

"மிருதங்கத்து மேல எவனும் ஏறி உக்காரல" என்றார் மண்டிக்காரர்.

"ரிஷிங்க மான் தோல்ல உக்காரலியா?"

"அது மான். இது மாடு."

"மாடு இல்லீங்க, சத்தியமா ஆடு!"

"ஆடுன்னா மட்டும் இன்னா, அது விரதம் இருந்துச்சா?" என்றார் சம்சாரம்.

சிரிப்பு எழுந்தது. ஆனால் ஒருத்தரும் பஸ் பக்கம் திரும்பவில்லை. மண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பக்கத்துலதான் ஸ்டேஷன். மத்தியானம் ரயில் வரும். குளிச்சிட்டு ஊருக்குத் திரும்பலாம்" என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் அந்த ரயில் ஏறினால் சாயங்காலத்துக்குள் ஆம்பூரில் போய் இறங்குவார்கள். மறுநாள் காலையில் என் பஸ்ஸை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். மாட்டுக்கு எங்கே புல் வாங்கப்போகிறாய் என்று கேட்பார்கள்.

"சரி மொதலாளி, போங்க. ஆனா இந்தச் சாமி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பினா நல்லாருக்காது. பாத்துட்டுப் போங்க. கதை சொல்றதுக்கு ஒத்துக்கினேன், சொல்லிடறேன்."

அதை அவர்கள் மறுக்கவில்லை. குளத்தில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு உள்ளே வந்தார்கள். நிழலை வைத்து நேரம் பார்க்கிற கல்லைக் காட்டினேன். ரயிலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்றுதான் அதிலும் பார்த்தார்கள்.

சந்நிதி முன்னால் நின்று சொல்ல ஆரம்பித்தேன். இந்தச் சாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர். முன்னொரு காலத்தில் ஒரு மிளகு வியாபாரி காஞ்சிபுரத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் திருடர் பயம். 'சாமி, நீதான் துணைக்கு வரவேண்டும்' என்று இங்கே நின்று அழுதான். சாமி ஒரு சேவகன் வேஷம் போட்டுக்கொண்டு, குதிரை ஏறி, அவன் வண்டிக்குப் பக்கத்திலேயே காஞ்சிபுரம் வரைக்கும் போனார்.

குதிரை என்று சொன்ன வாய் அப்படியே நின்றது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, புத்தகம் பார்த்ததில்லை. அந்த இடத்தில் ஒரு யோசனை தானாக வந்து விழுந்தது.

"மொதலாளி, குதிரை மேல சேணம் போட்டிருப்பாங்களா மாட்டாங்களா?"

"போட்டிருப்பாங்க."

"சேணம் எதால பண்றது? கயித்தாலயா, களிமண்ணாலயா? கடிவாளம்? சேவகன் காலு ஜோடு? சாமியே தோல்மேல உக்காந்துதானே ஒரு வியாபாரியைக் கொண்டுபோய்ச் சேத்தாரு! அவரு உக்காந்தாரு. ஆம்பூர் வியாபாரி உக்காரக் கூடாதா?"

தீபம் காட்டிக்கொண்டிருந்த குருக்கள் சிரித்த சிரிப்பில் கற்பூரம் அணையப் பார்த்தது. "நாற்பது வருஷமாக் கதை சொல்றேன், சேணம் எனக்குத் தோணலையே!" என்றார். மண்டிக்காரர் சிரிப்பை மறைக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் தொந்தி குலுங்கியது. தாமும் மூட்டை ஏற்றுகிற வியாபாரிதானே, அந்தக் கதை அவருக்குப் பிடித்துவிட்டது.

"இன்னா சொல்ற?" என்று சம்சாரத்தைப் பார்த்தார்.

"சாமி உக்காந்தாரு, சரி. அவருக்கு விரதம் இல்ல, எனக்கு இருக்குது" என்றார் அந்த அம்மாள். அவர் வெளியே போய்த் தென்னந்தோப்பை ஒரு பார்வை பார்த்தார். "வண்டிக்காரரே, பச்சைக் கீத்து வெட்டியாரச் சொல்லுங்க. பச்சை ஓலைக்கு மேல எந்தத் தீட்டும் ஏறாது. தடுக்கு முடைஞ்சி போட்டுக்கினு போலாம். இவ்ளோ தூரம் வந்துட்டு, கண்ணைத் திறந்து பாக்கற சாமியைப் பாக்காம யாரு திரும்பறது?"

நான் கேட்ட வரத்தைச் சாமி அந்த அம்மாள் வாயால் கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். தோப்புக்காரரிடம் ஓடினேன். கீற்று வந்தது. பெண்கள் நிழலில் வட்டமாக உட்கார்ந்து முடைந்தார்கள். ஆண்களுக்கு முடைய வரவில்லை. வராது என்பதை ஒப்புக்கொள்ளவும் மனம் இல்லை. மண்டிக்காரர் முடைந்த தடுக்கை அவர் சம்சாரம் தூக்கிப் பிடித்து, "இதுல சல்லடை மாதிரி மாவு சலிக்கலாம்" என்றார். ரயில் கூவிக்கொண்டு போனது. ஒருத்தரும் தலை நிமிரவில்லை.

வேலூர்க் கோட்டை வாசலில் நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் கூடியது. பச்சைப் பசேலென்று உள்ளே ஓலை வேய்ந்த பஸ்ஸை யாரும் பார்த்ததில்லை. தேர் வருகிறதா, கல்யாண வண்டியா என்று கேட்டார்கள். கோட்டைக் கோயிலில் மண்டபத்துத் தூண்களைக் காட்டினேன். கருவறை காலியாக இருப்பதைப் பார்த்து எல்லோரும் முழித்தார்கள். "பேஜார் படாதீங்க, சாமி சத்துவாச்சாரியில பத்திரமா கீறாரு" என்று அங்கே கூட்டிப்போய் ஜலகண்டேஸ்வரரைக் காட்டினேன். படையெடுப்புக் காலத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்த சாமி அப்போது அங்கேதான் இருந்தார். வீட்டை ஓரிடத்திலும் சாமியை ஓரிடத்திலுமாகக் காட்ட என்னைவிட்டால் அன்றைக்கு யார் இருந்தார்கள்?

மேல்விஷாரத்தில் என் தோஸ்த் ரோட்டோரத்திலேயே நின்றிருந்தார். தம் தோலைப் பஸ்ஸில் பார்க்க வேண்டும் என்று ஷாப்பு ஆட்களையும் கூட்டி வைத்திருந்தார். எட்டிப் பார்த்தார்.

"அரே தோஸ்த்! இன்னா இது, பந்தலா? நம்ம தோல் எங்க?"

"அடியில இருக்குது பாய். கோஷா போட்டு மூஞ்சியை மூடிக்கினு வருது."

ரோட்டிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னாலிருந்து மண்டிக்காரர் சம்சாரம், "பாய், தோல் மெத்துனுதான் கீது. நாங்க கொறை சொல்லல" என்றார். என் தோஸ்துக்கு அது போதும். ஆட்களை ஏவி, எல்லோருக்கும் இளநீர் சீவிக் கொடுக்கச் சொன்னார். ஆற்காட்டில் மக்கன் பேடா என்கிற நெய் மிட்டாயின் வாசனை அடித்தபோது விரதக்காரர்கள் பட்ட பாட்டைச் சொன்னால் அது தனிக் கதை.

சாயங்காலம் மலையேறினோம். ஒருத்தர் குறையாமல் நரசிம்மரைக் கண்டார்கள். இறங்கி வந்ததும் மண்டிக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி, "அடுத்த கார்த்திகைக்கும் இவன் வண்டிதான்பா" என்றார். பஸ்ஸில் ஏறும்போது யாரும் தடுக்கைச் சரிசெய்யக்கூட இல்லை, பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

மறு வருஷம் நான் கேட்காமலே தடுக்கு வந்தது. அதற்கடுத்த வருஷம், பலகை சீட்டு வைத்த மற்ற பஸ்காரர்களும் தடுக்குப் போட ஆரம்பித்தார்கள். அவர்கள் சீட்டில் தோலே கிடையாது. எதற்குப் போடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. இப்போது தடுக்கு இல்லாமல் யாத்திரை பஸ் இந்தப் பக்கம் கிளம்புவதில்லை. இந்த வருஷம் பஜனைக் கூட்டத்தார் அச்சடித்து ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் பேரனை விட்டுப் படிக்கச் சொன்னேன். 'முன்னோர் வழக்கப்படி பச்சைத் தடுக்கு இடப்பட்ட பஸ்கள்' என்று போட்டிருக்கிறார்களாம்.

எந்த முன்னோர்? முன்னோர் எந்த பஸ்ஸில் போனார்கள்? தடுக்குப் போடச் சொன்னது மண்டிக்காரர் சம்சாரம். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தடுக்குப் போடுவதற்கு அடியில் ஒரு தோல் சீட்டு வேண்டும் அல்லவா? அந்தச் சீட்டைத் தைத்து, அதற்கு ஒரு பஸ்ஸை வாங்கி, ரயிலுக்குக் கிளம்பியவர்களைச் சேணக் கதை சொல்லி நிறுத்தியவன் நான். ஆகையால் பஜனைக் கூட்டத்தார் வருகிற நோட்டீஸில் முன்னோரை அடித்துவிட்டு, அந்த அம்மாள் பேரையும் என் பேரையும் அச்சடிக்க வேண்டும். யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று நான் சண்டைக்கு வரமாட்டேன். என் பேர் மேலே இருந்தால் நல்லது.