ஜிந்துப்பிட்டியில் ஓர் இளவரசி

காலை எட்டரைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். நான் தங்கியிருந்த தோழி சுகந்தியின் வீடு, காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை என்கிற சந்து ஒன்றில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரி, வங்கியில் வேலை. "கேட்டுப் பாரும். ஆனா தரச்சொல்லி நச்சரிக்காதேயும்," என்று வாசலில் நின்று எச்சரித்துத்தான் அனுப்பினாள். பழைய படம் என்றால் எனக்கு எச்சில் ஊறும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஓவியத்தைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் எடுத்த அச்சுப்படங்களைச் சேர்ப்பது என் பைத்தியம். மதுரையில் என் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று எனக்கே மறந்துவிட்டது. சுகந்திக்கும் ஒன்று கொடுத்திருந்தேன். போன மாதம் அவள் வீட்டில் மின்விசிறி சரிசெய்ய வந்த சிவா அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு மிஸ், அம்மா சாமித்தட்டுல வச்சிருக்காங்க," என்று போனில் காட்டியிருக்கிறான். அவள் அதை எனக்கு அனுப்பிவைத்தாள். ஐரோப்பாவின் ஏதோ ஒரு சின்ன அரச குடும்பத்துப் பெண் குழந்தை, ஆறு வயதிருக்கும், மடியில் நாய்க்குட்டி. யாரோ நெற்றியில் குங்குமம் வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். அன்று மாலையே விமான டிக்கெட் போட்டுவிட்டேன்.

புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். கண்டக்டர் சிங்களத்தில் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லோரையும் முன்னால் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் போக இடமே இல்லை. மதுரை டவுன் பஸ்ஸிலும் இதே நியாயம்தான், மொழிதான் வேறு. காலிமுகத்திடல் வந்ததும் இடதுபக்கம் முழுக்கக் கடல். அதைப் பார்க்கக்கூட மனம் இல்லாமல், என்ன சொல்லிப் படத்தைக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறக்கோட்டையில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தேன்.

"ஜிந்துப்பிட்டிக்கா? நானூறு தாங்கக்கா. வழியெல்லாம் கன்டெய்னர் லொறி."

"பக்கம்தானே? முந்நூறு."

"பக்கம்தான். நடந்து பாருங்களேன்," என்று சிரித்தார். நானூறுக்கே போனேன்.

முருகன் கோயிலைத் தாண்டியதும் சிவா காத்திருந்தான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யாராவது வீட்டுப்படியில் ஏறி நிற்க வேண்டிய சந்து. பத்தரை மணிக்கு அவர்கள் வீட்டில் இருந்தேன். சிவாவின் அம்மா பாக்கியம் பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டுவிட்டார்.

"படத்தப் பத்திப் படிச்சவங்கன்னு மகன் சொன்னான். அந்தப் புள்ள உசிரோட இருக்காம்மா?"

எனக்குப் புரியவில்லை. சிவாதான் சொன்னான். அவனுக்கு முன் செல்வி என்று ஓர் அக்கா இருந்தாள். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை. தோட்டத்துத் துரை ஊரைவிட்டுப் போனபோது பங்களாவிலிருந்து இந்தப் படம் இவர்களிடம் வந்தது.

"அந்தக் கன்னம், அந்த முன்நெத்தி, அப்படியே எம் புள்ளதான்," என்றார் பாக்கியம். "அதான் மாட்டி, பொட்டு வச்சு, மால போட்டோம். கொழும்புக்கு வந்தப்புறம் பக்கத்து வீட்டுல ஒரு பொம்பள கேட்டுச்சு, உசிரோட இருக்கிற ராசா வீட்டுப் புள்ளைக்கா மால போடுறன்னு. பெத்தவ எங்கயாவது இருப்பால்ல? அன்னையிலேருந்து மால போடுறப்பெல்லாம் பயமா இருக்கு. போடாம விட்டா எம் புள்ளைக்கு ஒண்ணுமே இல்ல."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியமும் எனக்கு நினைவில் இல்லை. படத்தை இறக்கி, அதன் கண்ணாடியில் அப்பியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். படத்தின் அடியில் இடப்பக்கம் வரைந்தவர் பெயர், வலப்பக்கம் செதுக்கியவர் பெயர், நடுவில் குழந்தையின் பெயர். எல்லாம் பொடி எழுத்து. போனில் தேடினேன். கிடைக்க நேரமானது. அதுவரை அம்மாவும் மகனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க எண்பது வயசு தாண்டி வாழ்ந்திருக்காங்கம்மா. பேரன் பேத்தி எல்லாம் பாத்திருக்காங்க. நீங்க பொறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே காலமாயிட்டாங்க. நீங்க போட்ட மாலையால யாருக்கும் ஒண்ணும் ஆகல."

பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்ப பெருசான பொறகு எப்புடி இருந்தா? படம் இருக்கா? எம் மூத்தவ இருந்தா இப்ப அம்பது தாண்டியிருக்கும்."

இளவரசி நடுவயதுக்கு வருவதற்குள் உலகத்தில் காமிரா வந்திருந்தது. புகைப்படம் ஒன்று கிடைத்தது. கறுப்பு உடுப்பில் கொஞ்சம் பருத்த பெண்மணி, அதே கன்னம். பாக்கியம் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திரை அணைந்துபோனது. தொட்டு ஏற்றிக் கொடுத்தேன். மறுபடி அணைந்தது, மறுபடி ஏற்றினேன்.

"செல்விக்கு நரைச்சிருச்சு, சிவா," என்றார்.

சிவாவும் நானும் கொட்டாஞ்சேனைக்கு நடந்துபோய், ஒரு ஸ்டூடியோவில் போனிலிருந்த அந்தப் புகைப்படத்தை அச்சடித்துச் சட்டம் போட்டு வாங்கி வந்தோம். சுகந்தி போனில் கூப்பிட்டு, "படம் கிடைச்சுதோ?" என்றாள். "அத நான் கேக்கவே இல்லடி," என்றேன். "நீரோ?" என்று நம்பாமல் சிரித்தாள்.

பிற்பகல் நான் கிளம்பும்போது புதுப்படத்தைச் சாமித்தட்டில் வைக்கப் போனான் சிவா. பாக்கியம் அதைப் பிடுங்கி, எதிர்ச் சுவரில் அவனுடைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். மாட்டி முடித்து அவன் குங்குமச் சிமிழை எடுத்தான். அம்மா அவன் கையில் ஓர் அடி வைத்தார்.

"பொட்டும் வேணாம், மாலையும் வேணாம். அவ நல்லாத்தானே இருக்கா."