பீலிக்கல் பாசி

எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். மனிதர்களிடம் காட்டியது போதாதென்று, இலங்கை மலைநாட்டில், ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது ஒரு வருஷம் முழுக்கப் பாசியோடு பகை வைத்திருந்தேன்.

காரணம் இருந்தது. வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மலையிலிருந்து ஒரு பீலிக் குழாயில் தண்ணீர் வந்து விழும். அதன் கீழுள்ள கற்களில்தான் பெண்கள் குடம் வைப்பார்கள். ஐந்து மாதம் முழுகாமல் இருந்த என் மனைவி அங்கே வழுக்கி விழுந்து, எங்கள் முதல் பிள்ளை வயிற்றோடு போய்விட்டது. மறுவருஷம் அவள் மறுபடி உண்டானாள். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பகையாளியையே பார்த்துக்கொண்டிருந்தால் அவன் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். பீலிக்கல்லில் இருந்தது பச்சை வழுவழுப்பு. தண்ணீர் தேங்கிய கான் வாய்க்காலில் தலைமுடிபோல நீளமாக ஒன்று மிதக்கும். லயத்துச் சுவரில் மழைபடும் பக்கம் செம்மஞ்சளாக ஒன்று படரும். யாரோ வெற்றிலை துப்பியதாக நினைத்துக் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒருநாள் சத்தம் போட்டார். பாறைமேல் கருகிச் சருகாகக் கிடப்பது, ஒரு மழை பெய்தால் ஊறிக் கொழகொழவென்று எழும்பும். தேயிலை இலையில் துருப்போல விழும் புள்ளியும் ஒருவகைப் பாசிதான் என்று அதே கண்டாக்கு ஐயா சொன்னபோது, சாகத் தெரியாத சாதி இது என்று நினைத்தேன்.

அப்போது தேயிலைக் கொப்புள நோய்க்கு, முதுகில் தொட்டி கட்டி மருந்து அடிக்கும் வேலை எனக்கு. அந்த நீல மருந்து சொட்டிய கல்லில் பாசி செத்துக் கிடப்பதைக் கண்டேன். ஒரு சாயங்காலம் தொட்டியில் மீந்ததைப் போத்தலில் ஒளித்துக் கொண்டுவந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பீலிக்கற்களில் ஊற்றித் தேய்த்தேன்.

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மறுநாள் காலையில்தான் உறைத்தது. கீழே இருந்த குழியில் தலைப்பிரட்டைகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. பள்ளத்தில் இருக்கும் பணிய லயத்துக்காரர்கள் தண்ணீர் மொள்வது அந்தக் குழியில்தான். வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் ஓடினேன். குடத்தோடு வந்துகொண்டிருந்த பெண்களை மறித்து, செய்ததையெல்லாம் சொன்னேன். மருந்தைத் திருடியது தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். போனால் போகட்டும் என்றிருந்தது.

திட்டுவார்கள் என்று தலைகுனிந்து நின்றேன். அவர்களில் மூத்தவர், "ஏன் தம்பி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே தேய்ச்சுக் குடுத்திருப்போமே," என்றார்.

சில நாள் அவர்கள் தூரத்து ஓடைக்கு நடந்தார்கள். யாரும் துரையிடம் வாய் திறக்கவில்லை. பிறகு இரண்டு லயத்துப் பெண்களும் முறைவைத்துக்கொண்டு, வேலை விட்டு வந்ததும் தேங்காய் மட்டையாலும் மணலாலும் பீலிக்கற்களைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கைகள் அவை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

வாசலில் நின்று அதைப் பார்த்த என் மனைவி ஒருநாள் அழத் தொடங்கினாள்.

"அவங்கள நிப்பாட்டச் சொல்லுங்க. நான் பீலியில விழல."

கொழுந்து பறிக்கும் மலையில் விழுந்திருக்கிறாள். நிறைந்த கொழுந்துக் கூடையோடு கானைத் தாண்டச் சொல்லிக் கங்காணி விரட்டியபோது விழுந்து, சேற்றைப் பீலியில் கழுவிக்கொண்டு வீடு வந்து, பாசி வழுக்கியதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க கங்காணிய அடிச்சிருப்பீங்க. நம்மளத் தோட்டத்த விட்டே தொரத்தியிருப்பாங்க. பாசின்னா நீங்க என்ன செஞ்சிரப் போறீங்கன்னு நெனச்சேன்."

ஒரு வருஷமாக என் கோபத்துக்குப் பயந்து, நடந்ததை அவள் தனியாகவே மனசில் வைத்திருந்திருக்கிறாள். அன்று நான் கங்காணியைத் தேடிப் போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன பிள்ளைக்காக நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.