யாரும் அழுத்தாத பட்டன்

என் நைனாவின் படகில் எங்கள் கம்பெனியின் அவசர உதவிக் கருவியைச் சோதனைக்காக மாட்டியிருக்கிறோம். அதன் பட்டனை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதியது பெங்களூரில் இருக்கும் நான்தான்.

இன்று காலை, உதவி பட்டன் அழுத்தப்பட்டதாகத் திரையில் வந்தது. பதறிப்போய் போன் போட்டேன்.

"நான் தொடவே இல்லியேம்மா. கோட்டைக்குப்பத்தாண்ட ஏரியிலதான் கீறேன்" என்றார்.

டிரைவரைத் திறந்து பார்த்தேன். பட்டனை அழுத்தினால் அதன் சிக்னலை வாங்கும் இன்புட் பின் ஒன்றுக்குப் போகும்; யாரும் அழுத்தாதபோது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அப்படிப் பிடித்து வைக்கும் வரியை நான் எழுதவே இல்லை. அதனால் அது தன்னிஷ்டத்துக்கு ஒன்றும் பூஜ்யமுமாக மாறிக்கொண்டிருந்தது. அந்த வரியைச் சேர்த்து இங்கிருந்தே ஏற்றினேன். உடனே பூஜ்யத்தில் நின்றுவிட்டது.

"சரியாயிடுச்சாம்மா? போனை வெச்சிடவா?"

"இன்னும் பாக்கணும் நைனா. லைன்லயே இரு."

போனைப் பலகைமேல் வைத்துவிட்டு வலை இழுக்கத் தொடங்கினார். படகில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. பக்கத்துப் படகுக்காரரிடம், "பொண்ணு லைன்ல கீது, வேலை பாக்குது" என்றார்.

ஊருக்குப் போய் ரொம்ப நாளாகிறது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு வரி சேர்க்க இவ்வளவு நேரமா என்று மேனேஜர் கேட்டார். சோதனை நீண்டுவிட்டது என்றேன்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?