எங்கள் வேன் இன்ஜினைக் கூறு கட்டிய கதை

மே மாத வெயிலில் மூடிக் கிடந்த மீன் வேனின் கதவைத் திறந்திருக்கிறீர்களா நண்பர்களே?

டீசல், உருகிப்போன ஐஸ், போன மாதத்துச் சங்கரா மீன்... எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும் பாருங்க. எங்களுக்கு அது சோறு போட்ட வாசனை. மெக்கானிக் தாஸுக்கு அப்படி இல்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் எங்கள் வண்டியைத் தொடுவான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் என் பெண்டாட்டி கஸ்தூரிக்கு மீன் வியாபாரம். காசிமேட்டிலிருந்து சரக்கு ஏற்றி வருவது நான். வேன் வாங்குவதற்கு முன்னால் அவள் கூடையோடு பஸ் ஏறுவாள். நாற்றம் என்று பாதி வழியில் இறக்கி விடுவார்கள். அவளும் ஒருநாள்கூட சும்மா இறங்கியதில்லை, பஸ்ஸில் இருக்கிறவன் பரம்பரையையே விசாரித்துவிட்டுத்தான் இறங்குவாள்.

அந்த வருஷத்து மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வண்டிக்கும் வேலை இல்லை. சும்மா ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏத்தினு போனபோது வண்டலூர் தாண்டி இன்ஜின் ஒரு சத்தம் போட்டு நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு வந்து முடிச்சூர் ரோட்டில் தாஸ் ஷெட்டில் போட்டோம். அவன் இன்ஜினை இறக்கிப் பார்த்துவிட்டு, பிளாக்கே விரிசல் விட்டிருக்கு, இனி ரிப்பேர் பார்ப்பது வேஸ்ட், வேற இன்ஜின்தான் மாத்தணும் என்றான்.

நான் படித்தது நாலாங்கிளாஸ். ஆனால் எஸ்டிமேட் போடுவதில் நம்மை அடிச்சுக்க ஆள் கிடையாது. டீக்கடையில் நின்றபடியே விரலை மடக்கினேன். புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் இருபத்திரண்டு. தாஸ் கூலி மூணு. ஆயில், அது இது ரெண்டு. ஆக இருபத்தேழாயிரம். கையில் முப்பது இருந்தது. ராஜா மாதிரி ஷெட்டுக்குப் போனேன்.

தாஸ் முப்பத்தாறு என்றான்.

கிளட்ச் பிளேட், மவுண்டிங், ஹோஸ், சைலன்சர், ஸ்டார்ட்டர் மோட்டார்... ஒப்பித்துக்கொண்டே போனான். ஆறாயிரம் துண்டு விழுந்தால் வேனை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு, அவள் மறுபடி கூடையோடு பஸ் ஏறவேண்டியதுதான். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் செருப்பை மாட்டினாள்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சாக்கை எடுத்துத் தரையில் விரித்தாள்.

"தாசு, கழட்டுனத எல்லாம் இதுல வை. கூறு கட்டு."

மார்க்கெட்டில் மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும். தராசு கிடையாது. மீனைச் சின்னச் சின்னக் குவியலாக வைப்பார்கள், அதுதான் கூறு. கண்ணால் பார்த்து, குவியலுக்கு விலை பேசவேண்டியது. இன்ஜின் சாமானைக் கூறு கட்டச் சொன்னது உலகத்திலேயே இவள் ஒருத்திதான்.

"மாத்தலன்னா வண்டி ஓடாது, அது ஒரு கூறு. மாத்தாட்டியும் ஓடும், அது ஒரு கூறு."

தாஸ் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்தான்.

"இது இல்லாம எப்டிக்கா ஸ்டார்ட் ஆவும்?"

"தள்ளுனா ஆவுமா, ஆவாதா?"

"ஆவும்..."

"அப்ப அந்தப் பக்கம் வை. வூட்ல ஒரு ஆம்பள சும்மாதான குந்தினு கீறான்."

அந்த ஆம்பளை நான்தான். சிரிக்காதீங்க.

சைலன்சரும் அந்தப் பக்கம் போனது. நாலாயிரம் குறைந்தது. இன்னும் ரெண்டாயிரம் உதைக்கிறது. தாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, அதுக்கு மேல முடியாதுக்கா என்றான். அவள் மூலையைப் பார்த்தாள். அங்கே எங்கள் பழைய இன்ஜின் ஒரு ஓரமாகக் கிடந்தது.

"அது எந்தக் கூறுல வருது?"

மாத்தின பழைய சாமான் மெக்கானிக்குக்கு. அது ஊர் வழக்கம். நானே கேட்டதில்லை.

"அக்கா, அது எங்க ஷெட்டுக்குத்தான் போவும்."

"நான் வஞ்சிர மீன வெட்டிக் குடுத்துட்டு, தலைய நான் வச்சிக்கினா நீ சும்மா இருப்பியா தாசு?"

அவன் வாராவாரம் எங்கள் கடையில்தான் மீன் வாங்குவான், தலையைக் கேட்டு வாங்குவான். கடைசியில் பழைய இன்ஜினுக்கு மூணாயிரம் கழித்துக்கொண்டான். இருபத்தொன்பதாயிரம். மிச்ச ஆயிரம் முதல் லோடுக்கு ஐஸ் வாங்க.

தடை முடிந்த அன்றைக்கு வண்டி காசிமேட்டில் லோடுக்கு நின்றது. ஆறு மாசம் முடிச்சூர் ரோட்டில் தினமும் நான் தள்ள, ஸ்டியரிங்கில் அவள்... பார்க்காத ஆள் கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் போட்டது இருபத்தேழு, முடிந்தது இருபத்தொன்பது. விரலில் போட்ட எஸ்டிமேட் அது. ரெண்டாயிரமெல்லாம் ஒரு தப்பா?

ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்த அன்றைக்கே தாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, அடுத்த வாட்டி நீ மட்டும் வா. அக்காவ இட்னு வராத."

போன வாரம் பையனுடைய புது லோடு வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டோம். ஏசி ரூம், மெஷின் காபி. எஸ்டிமேட் போனுக்கே வந்தது, ரெண்டு பக்கம். கழட்டுற பழைய சாமானை என்னம்மா செய்வீங்க என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும் அங்கிள் என்று சிரித்தது. கஸ்தூரி தரையைப் பார்த்தாள். முகம் தெரிகிற டைல்ஸ். அதில் போய் எப்படிச் சாக்கை விரிப்பது?

கிளம்பும்போது அந்தப் பெண் நல்ல மனசோடுதான் சொன்னது:

"நெக்ஸ்ட் டைம் நீங்க ரெண்டு பேரும் அலையவே வேணாம் அங்கிள். ஆப்லயே முடிச்சிடலாம்."

தாஸாவது என்னை வரச் சொன்னான்.