இளையபெருமாள் உபயம்

வலங்கைமான் பக்கத்து மிராசுதார் இளையபெருமாளுக்கு ஒரே ஆசைதான். செத்த பிறகு நாலு பேர் தன் பேரை நல்லபடியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகுட்டி இல்லாத மனுஷன், பேராவது மிஞ்சட்டுமே என்ற தவிப்பு. தவிப்பு நிஜம்தான், பொய் சொல்லக்கூடாது. கைதான் மடியை விட்டு எழுந்திருக்க மறுத்தது.

ஒரு வேகத்தில் கும்பகோணம் போய், 'இந்தத் தர்மம் இளையபெருமாள் உபயம்' என்று கருங்கல்லில் வெட்டி எடுத்து வந்துவிட்டார். வந்த பிறகுதான் தர்மத்துக்கு எங்கே போவது என்ற யோசனை. கோயில் மதிலுக்குச் செங்கல் கேட்டார்கள், தலை சுற்றியது. பள்ளிக்கூடத்துக்குக் கொட்டகை கேட்டார்கள், படித்தவன் எவன் சேற்றில் இறங்குவான் என்றார். கல் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. மனைவி கமலாம்பாள் அதன்மேல் வரட்டி தட்டினாள்.

"ஏண்டி, என் பேர் மேலயா?"

"வேற எதுக்குங்க ஆவுது அது?"

அப்போதுதான் குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கருக்கு மேல் கூடாது என்று சட்டம் வந்தது. இளையபெருமாள் பதறிப்போனார். செத்துப்போன மாமனார் பேரில் கொஞ்சம், பிறக்கவே பிறக்காத பிள்ளைக்கு ஒரு பேர் வைத்து அவன் பேரில் கொஞ்சம். மிச்சம் மூன்று ஏக்கரைப் பண்ணையாள் மருதையனுக்குத் தானமாக எழுதினார்.

"பேருக்குத்தாண்டா. நிலம் எப்பவும் நம்மதுதான்."

"சரிங்கய்யா."

மருதையன் விவசாயச் சங்கத்தில் சேர்ந்தது ஊருக்கே தெரியும். இவருக்குத் தெரியாது. ஆள் முகத்தை என்றைக்காவது நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே!

பண்ணையாட்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள் என்று அந்த வருஷம் இவர் குடிசைகளைப் பிரித்தெறிந்து சில குடும்பங்களைத் துரத்தியிருந்தார். அதில் வள்ளியம்மை நிறைமாதக்காரி. குடமுருட்டிக் கரையில் மழையில் கிடந்தவர்களை மருதையன் அந்த மூன்று ஏக்கரில் குடிவைத்துவிட்டான். இளையபெருமாள் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே பந்தல், மைக், தாசில்தார். மருதையன் வந்து பொன்னாடையைப் போர்த்தினான்.

தாசில்தார் கேட்டார்: "மனசாரக் கொடுத்ததுதானே? சட்டத்துக்குப் பயந்து எழுதினது இல்லையே?"

இல்லை, பினாமி என்று சொன்னால் மாமனார் நிலமும் போகும், பிள்ளை நிலமும் போகும்.

"மனசாரத்தாங்க," என்றார் இளையபெருமாள். கூட்டம் கைதட்டியது.

மறுநாள் மருதையன் வண்டியோடு வந்தான். "அந்தக் கல்லைக் கொடுத்தீங்கன்னா எங்க புதுத் தெரு முகப்புல நட்டுடுவோம்ங்க."

"அதையாவது விட்டு வைடா."

"எடுத்துட்டுப் போ மருதை," என்றாள் கமலாம்பாள். "வரட்டிக்கு வேற இடம் பாத்துக்கறேன்."

இளையபெருமாள் ஆறு மாதம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஒருநாள் குறுக்கு வழியென்று போனவரை வள்ளியம்மை மறித்து, இடுப்பிலிருந்த குழந்தையைக் கையில் கொடுத்தாள்.

"உங்க பேருதாங்க வச்சிருக்கோம். இளையபெருமாளு."

குழந்தை மீசையைப் பிடித்து இழுத்தது. கிழவர் மீசையை விடுவித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தார். "கமலா, இன்னும் ஒரு ஏக்கர் கொடுத்தா என்ன?"

"கொடுங்களேன்."

வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார், மூடினார். "பாப்போம்," என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தார். மாமனார் நிலத்தையும் பிறக்காத பிள்ளை நிலத்தையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அந்த ஊரில் இளையபெருமாள் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவன் வள்ளியம்மை மகன் ஒருவன்தான்.