நான் கை உயர்த்திய முதல் சபைக் கூட்டம்

என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி நான் வேலை பார்த்த டோபி கடையில்தான் என் காதில் விழுந்தது. இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். துணி வாங்க வந்த ஒருத்தி சொன்னாள். மாப்பிள்ளை நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாம். முதல் மனைவி இறந்துவிட்டாளாம். மூன்று பிள்ளைகளாம். "உங்களுக்குச் சொல்லலியா அக்கா?" என்று அவள் கேட்டாள். பெற்றவளுக்கு யாரும் சொல்லவில்லை. எஸ்தருக்கு அப்போது பதினேழு வயது.

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. சபையாரே, அதை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. நான் ஜெயிலுக்குப் போனவள். இரண்டு வருஷம் உள்ளே இருந்தேன்.

என் புருஷன் காய்ச்சலில் இறந்த பிறகு தையல் மெஷினை வைத்துத்தான் பிழைத்தேன். என் தம்பிக்குத் தொங்கானில் வேலை. கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய படகு அது. அவனும் கூட்டாளிகளும் சரக்கிலிருந்து வெள்ளை மல் துணியைத் திருடிக்கொண்டு வந்தார்கள். நான் ரவிக்கை தைத்து விற்றேன். வாங்கியவர்களில் பாதிக்கு மேல் நம் சபைப் பெண்கள்தான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எல்லோரும் வெள்ளை வெளேரென்று வந்து உட்கார்ந்தார்கள். ஏன் இவ்வளவு மலிவு என்று ஒருத்தி கேட்டிருக்க வேண்டுமே, கேட்கவில்லை. போலீஸ் வந்தபோது என்னையும் தம்பியையும் பிடித்தார்கள். தண்டனை ஆன மறு மாதமே சபைப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வயது எஸ்தரைச் சபையின் பெண்கள் விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்வேன். பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை சபைதான் பாதுகாவலர், படிப்பும் கல்யாணமும் வருடக் கூட்டத்தில் முடிவாகும் என்று எழுதியிருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்தா போட்டேன்? அன்றைக்கு எந்தக் காகிதத்தை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன். வெளியே வந்ததும் பிள்ளையைத் திருப்பிக் கேட்டேன். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் கூட்டத்தில் எதையும் கேட்க முடியாது என்றார்கள். மாதத்தில் முதல் சனிக்கிழமை, விடுதி வராந்தா பெஞ்சில் அரை மணி நேரம் பார்க்கலாம். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. எஸ்தர் வருவாள், "நல்லா இருக்கேன்மா" என்பாள், மணி அடித்ததும் எழுந்து போவாள். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் பெண்களும் சபைக் கூட்டத்தில் கை உயர்த்தி ஓட்டுப் போடலாம் என்று முடிவானது. ஆராதனை முடிந்ததும் செயலாளர் பெண்களின் பெயர்களை வாசித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், துறைமுக ஆபீசில் கிராணி. எல்லோரும் கிராணியார் என்றுதான் கூப்பிடுவோம். எழுந்து நடக்க முடியாத கிழவியின் பெயரை வாசித்தார். போன மாதம் ஞானஸ்நானம் எடுத்தவளின் பெயரை வாசித்தார். வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நின்றேன்.

"என் பேரு எங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஞானப்பூ, தண்டனை அடைஞ்ச ஆக்களுக்கு விதியிலை இடமில்லை. இது நான் எழுதின விதியில்லை."

"அப்போ என் பிள்ளைக்குக் கல்யாணம் பேசறப்போ நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?"

"கூட்டத்திலை வந்து இருக்கவும் ஏலாது," என்றார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

போதகர் ஐயா வீட்டுக்கு நேராகப் போனேன். என் தொண்டைத் தண்ணீர் வற்றும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதே விதிப் புத்தகத்தில் பின்னால் ஓர் இடத்தைக் காட்டினார். தண்டனை முடித்தவர்கள் சபை முன்னால் நின்று தங்கள் குற்றத்தை அறிக்கை செய்யலாம். பாதிப் பேருக்கு மேல் கை உயர்த்தினால் பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். "என் காலத்துல யாரும் இத கேட்டு வந்ததில்லம்மா," என்றார். "ஜனவரி கூட்டத்துல முதல் காரியமா இத வைக்கிறேன். நாலு மாசம் இருக்கு. ஜெபம் பண்ணு. நானும் பண்றேன்."

ஜெபம் பண்ணினேன். புதன்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். இஸ்திரி போடும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஆண்டவரே, நான் வீடு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. என் பிள்ளை காரியத்தில் உயர்த்த ஒரு கை கொடும். என் பிள்ளையை என் வீட்டுக்கு அழைத்து வர ஒரு கை கொடும்.

இதோடு நின்றிருந்தால் நல்ல ஜெபம்தான். நான் நிற்கவில்லை. தையல்காரிக்கு முகம் மறந்தாலும் அளவு மறக்காது. யாருக்குத் தோள் எத்தனை அங்குலம், யார் இரண்டு வாங்கினாள், யார் மூன்று வாங்கினாள் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்து அடுக்கி வைத்தேன். சபை முன்னால் நின்று அத்தனை பேரையும் சொல்வேன், ஒருத்தி முகத்திலும் கரி பூசாமல் விடமாட்டேன் என்று இருந்தேன். அதைக் கடைக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடமும் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பேச்சு விடுதிவரை போய்விட்டது.

நவம்பர் மாதச் சனிக்கிழமை எஸ்தர் வந்து உட்கார்ந்ததுமே கேட்டாள். "கூட்டத்துல எல்லார் பேரையும் சொல்லப் போறீங்களாமேம்மா?"

"ஆமா. தச்சவளுக்கு ஜெயிலு, வாங்கினவளுக்கு முன் வரிசையா?"

"நீங்க தச்சது மட்டும்தானா?"

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை அக்கம்பக்கம் எல்லாரும் கோயிலுக்குப் போன பிறகு மாமா துணியோட வருவாரு. உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஐயாகிட்ட போய்ச் சொன்னது நான். மாமாவுக்குக் கதவ தொறந்து விட்டது நான். போலீஸ் மாத்தா வந்து கேட்டப்போ, வீட்டுல துணி இல்ல, யாரும் வரலன்னு சொன்னதும் நான்தான். நீங்க உள்ளேருந்து சைகை காட்டினீங்க. சொன்னேன். உங்களுக்குத் தண்டனை குடுத்தாங்க, முடிஞ்சிருச்சு. நான் சொன்ன பொய்ய எங்கம்மா கொண்டுபோய் வைக்கிறது?"

மணி அடித்தது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எப்படி நடந்தேன் என்று தெரியாது. கப்பித்தான் பள்ளிவாசலைத் தாண்டும்போது தெருவோரம் உட்கார்ந்துவிட்டேன். காவடிக் கூடையில் சோறு விற்றுக்கொண்டிருந்த ஒரு பாய், "என்னம்மா ஆச்சு, இந்தத் தண்ணிய குடிங்க" என்று குவளையை நீட்டினார். குடிக்க முடியாமல் அழுதேன். நான் தைத்தேன், அவ்வளவுதான் என்று ஐந்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஜெயிலில் சொன்னேன், ஜெபத்திலும் சொன்னேன். என் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்ததை ஆண்டவரிடம்கூட நான் சொன்னதில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்கால் போட்டால் எஸ்தரின் முகம்தான் வரும். ஒரு பயம் வேறு பிடித்துக்கொண்டது. துணியைப் பற்றி மட்டும் அறிக்கை செய்தால் ஒருவேளை சேர்த்துக்கொள்வார்கள். பிள்ளையை வைத்துச் செய்ததையும் சொன்னால், இப்படிப்பட்டவளுக்கா பெண்ணைப் பற்றிப் பேச உரிமை என்று கேட்பார்கள். கேட்டால் நியாயம்தான். பாதியைச் சொன்னால் கை கிடைக்கும். முழுவதையும் சொன்னால் என் மகள் மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். டிசம்பர் முழுதும் இதே போராட்டம். சோறு இறங்கவில்லை. நல்ல வேட்டி ஒன்றைக் கருக்கிவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன். கிறிஸ்துமஸ் அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறந்து ஒரு பாட்டுக்கூடப் பாடாமல் திரும்பினேன். ஆண்டவரே, என்னை விட்டுவிட்டீரா என்று மட்டும் கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை.

ஜனவரியில் கூட்டம் கூடியது. போதகர் ஐயா என் பெயரைச் சொன்னார். முன்னால் போய் நின்றேன். பெண்கள் பக்கத்தில் விடுதிப் பிள்ளைகளோடு எஸ்தர் இருந்தாள். பாதியைச் சொல்வதா முழுவதையும் சொல்வதா என்று வாயைத் திறக்கும்வரை எனக்கே தெரியாது. இது சத்தியம்.

"திருட்டுத் துணின்னு தெரிஞ்சே தச்சேன், தெரிஞ்சே வித்தேன்," என்றேன். "ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு, அந்த நேரத்துலதான் வாங்கி வச்சேன். என் பிள்ளைய கதவுல நிக்க வச்சேன். மாத்தாகிட்ட பொய் சொல்ல வச்சேன். அதுக்கு எனக்கு யாரும் தண்டனை குடுக்கல. அந்தப் பொய் அவளோடது இல்ல, என்னோடது. இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அடுக்கி வைத்திருந்த பெயர்களில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை.

சேர்த்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார் கிராணியார். போதகர் ஐயாவின் மனைவி உயர்த்தினார். ஆண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று கைகள். மற்றவர்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போச்சு என்று நினைத்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கிராணியாரின் மனைவி செல்லம்மா அக்கா எழுந்தார். கூட்டத்தில் அவர் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை.

"நானும் ரெண்டு ரவிக்கை வாங்கினனான்," என்றார். "எங்கையிருந்து வந்த துணியெண்டு கேக்க நினைச்சனான். கேட்டால் அந்த விலைக்குக் கிடையாதெண்டு பேசாமல் இருந்திட்டன். இவவின்ரை பேரை எழுதேலாதெண்டால் என்ரை பேரையும் வெட்டி விடுங்கோ."

அதைத் தன் புருஷனைப் பார்த்தே சொன்னார். கிராணியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்னொருத்தி எழுந்து, "நானும்தான்" என்றாள். அப்புறம் ஒன்றொன்றாகக் கைகள் எழுந்தன. கிராணியார் இரண்டு முறை எண்ணினார். பாதிக்கு மேல் இருந்தது. என் பெயரை அவரே எழுதினார். சபையாரே, நான் யாரை எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்தத் துடித்தேனோ அவர்கள் வாயாலேயே ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதில் கொடுத்தார்.

அடுத்த காரியம் எஸ்தரின் கல்யாணம். உரிமையோடு எழுந்தேன். "இந்தக் கல்யாணம் வேணாம் ஐயா. என் பிள்ளைய என்கிட்ட குடுத்துருங்க" என்றேன்.

போதகர் ஐயா எஸ்தரை எழுப்பி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

"கல்யாணம் வேணாம் ஐயா," என்றாள். "சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில தாதி வேல படிக்க எடுத்துக்குறாங்க. எங்க விடுதி டீச்சரம்மா எழுதிக் கேட்டிருக்காங்க. நான் அங்க போறேன்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா மேல கோவம் இல்ல. ஆனா இப்போ அவங்ககூட போய் இருக்க என்னால முடியல."

பெண்ணே வேண்டாம் என்ற பிறகு கல்யாணப் பேச்சு இல்லை, இனி தாயிடம் அனுப்புவதா படிக்க அனுப்புவதா என்பதுதான் கேள்வி என்றார் போதகர் ஐயா. எஸ்தரைப் படிக்க அனுப்பச் சம்மதிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார். ஒருவரும் உயர்த்தவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெற்றவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள் என்பது எனக்குப் புரிந்தது. நான் உயர்த்தாவிட்டால் அவள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நாலு மாதம் பட்டினி கிடந்து கேட்டது அதைத்தான். என் கை மடியிலேயே கிடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு உயர்த்தினேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் ஓட்டு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. எஸ்தர் படித்து முடித்து அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். மாதம் ஒரு கடிதம் வரும். போன கிறிஸ்துமஸுக்கு வந்து என் வீட்டில் மூன்று நாள் தங்கினாள். நான் இப்போது மறுபடியும் தைக்கிறேன். எந்தக் கடையில் வாங்கிய துணி என்று கேட்காமல் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. சிலருக்கு அது எரிச்சல்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பென்றால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆகையால் உங்களிடம் சொல்கிறேன். கேளுங்கள், ஆண்டவர் கொடுப்பார். கொடுக்கும் முன்னால் உங்கள் உள்ளே கிடப்பதை வெளியே எடுக்கச் சொல்வார். அதற்குப் பயந்து ஓடிவிடாதீர்கள்.

வருகிற ஞாயிறு கூட்டத்தில் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டு, ஜுருவிலிருந்து வந்திருக்கும் சகோதரர் கொடுத்த மனு வருகிறது. நாலு வருஷம் ஜெயிலில் இருந்தவர். இந்த ஆறு மாதமும் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறார், இப்போதும் அங்கேதான் இருக்கிறார். என்ன செய்தார் என்பதை அவரே எழுந்து சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்போது தயவு செய்து யாரும் மடியைப் பார்க்காதீர்கள். அவர் அங்கே தனியாக நிற்பார்.