கொட்டாஞ்சேனைக்கு வருடம் ஒருமுறை போகும் கிற்றார்

கொட்டாஞ்சேனை மிஸ்ஸிடம் அந்தக் கிற்றாரை நான் வாங்கியது நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை. மிஸ் வெள்ளிக்கிழமை என்கிறார். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் அவர் சிலுவைப்பாதைக்குப் போயிருப்பாரே தவிர, சாமான் விற்க வீட்டில் இருந்திருக்க மாட்டார் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் கேட்பதாக இல்லை. கிழமையை விடலாம். என்னால் விட முடியாமல் இருப்பது அன்று அவர் போட்ட நிபந்தனை.

இது தோளில் மாட்டும் கிற்றார் அல்ல. பெடல் ஸ்டீல் கிற்றார். நான்கு கால்களில் மேசைபோல நிற்கும். மேலே பத்துத் தந்திகள். கீழே மூன்று பெடல்கள், முழங்காலால் தள்ளுவதற்கு நாலு நெம்புகோல்கள். கதிரையில் இருந்து, கையில் ஓர் உருக்குத் துண்டைப் பிடித்துத் தந்திமேல் வழுக்கிக்கொண்டே காலாலும் சுருதியை ஏற்றி இறக்க வேண்டும். வானொலியில் அந்தச் சத்தத்தைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு பிடிப்பு. ஓய்வூதியம் வந்ததும் தேடினேன். கொழும்பு முழுவதிலும் அகப்பட்டது அது ஒன்றுதான்.

வாசித்தவர் மிஸ்ஸின் அண்ணா. அவர் இறந்து வருடம் திரும்பியிருந்தது.

"ஒக்டோபர் கடைசிச் சனி எங்க ஒழுங்கை முனையில இருக்கிற மாதாவுக்குச் செபமாலை முடியிற நாள்," என்றார் மிஸ். "அண்ணா ஒரு வருசமும் விட்டதில்ல. அன்னைக்கு மட்டும் இதக் கொண்டுவந்து குடுத்திரணும் தம்பி. வாசிக்க ஆள் இருக்கு. நீங்க வேற யாருக்கும் வித்தாலும் அவங்களும் கொண்டுவரணும்."

"ஓம்," என்றேன். கிற்றாரைத் தடவிக்கொண்டே சொன்ன ஓம் அது.

முதல் ஒக்டோபரிலேயே விளங்கிவிட்டது. அதை அப்படியே தூக்க முடியாது. கால்களைக் கழற்ற வேண்டும். பெடல்களையும் உடம்பையும் இணைக்கும் மெல்லிய இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொளுக்கியிலிருந்து எடுக்க வேண்டும். கம்பி மாறினால் பெடல் மாறும். ஆகவே ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு நிற நூல் கட்டினேன். எல்லாவற்றையும் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் லிஃப்டில் இறக்கி ஓட்டோவில் ஏற்றும்போது சாரதி சிங்களத்தில் கேட்டான்: "அய்யே, மே மஹன மெஷின் எகக்த?" தையல் மெஷின் இல்லை என்றேன். வழி முழுக்க அவன் நம்பவில்லை.

கொட்டாஞ்சேனையில் திரும்பப் பூட்டி, நிமிர்த்தி, முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். மறுநாள் போய்க் கழற்றிக்கொண்டு வருவேன். இப்படியே ஒவ்வொரு ஒக்டோபரும் போனது. செபமாலைக்கு நான் நின்றதே இல்லை.

என் வாசிப்பைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஒரு நாள் மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, எங்கள் தண்ணீர்ப் பம்ப் பழுதா என்று அக்கறையாக விசாரித்தார்.

போன ஆவணியில், நாங்கள் தெஹிவளையில் சின்ன வீடொன்றுக்கு மாறுவது என்று முடிவானது. கார்த்திகைக்குள் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். புது வீட்டில் கட்டிலைப் போட்டால் அலுமாரிக்கு இடமில்லை. மனைவி முதலில் கை காட்டியது கிற்றாரைத்தான். நானும் மறுக்கவில்லை. இணையத்தில் விளம்பரம் போட்டேன்.

வந்த அழைப்புகளில் பாதி, பொருள் என்னவென்று கேட்காமலே "லாஸ்ட் ப்ரைஸ் என்ன?" என்றன. ஒருவர் குடும்பத்தோடு வந்தார். பிள்ளைகள் பெடலை மிதித்து விளையாடின, அவர் படம் எடுத்தார், தேத்தண்ணீர் குடித்தார், கீபோட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் கால்களை மட்டும் தனியாகத் தருவேனா என்றார்.

பிறகுதான் அந்தப் பெடியன் வந்தான். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் வாசிப்பவன். கதிரையை இழுத்துப் போட்டு, சப்பாத்தைக் கழற்றி, கொஞ்ச நேரம் தந்திகளை முறுக்கினான். பிறகு வாசித்தான். இடது கால் பெடலில் உருண்டது, முழங்கால்கள் இரண்டு பக்கமும் போய்வந்தன. இத்தனை வருடமும் என் வீட்டு மூலையில் நின்றது என்ன சாமான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. குசினியிலிருந்து மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டான். நான் நிபந்தனையைச் சொன்னேன்.

"ஒக்டோபர் கடைசிச் சனியா? சனிக்கிழமை எனக்கு வெடிங் இல்லாட்டி ஹோட்டல், அங்கிள். இத விட்டுட்டு நான் எத வாசிக்கிறது?"

"வருசத்தில ஒரு நாள்தானே தம்பி."

"மாட்ட வித்துட்டுக் கயித்த நீங்க புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே."

"கயிறு என்ர கையில இல்ல. கொட்டாஞ்சேனையில இருக்கு."

"அப்ப அங்க போய் அவுத்துட்டுச் சொல்லுங்க. நான் வெய்ட் பண்றேன்."

அவன் போனதும் மனைவி கேட்டாள்: "அந்த மிஸ் உங்களுக்கு வித்தவவோ, வாடகைக்குத் தந்தவவோ?"

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "இந்த வருசத்தது முடியட்டும் தம்பி, பேசுவோம்," என்றார். ஆகவே மறுபடியும் கழற்றினேன், ஏற்றினேன், பூட்டினேன். இரண்டாவது கம்பி கொளுக்கியில் ஏற மறுத்து என் கட்டைவிரலைக் கிழித்தது. மிஸ்ஸிடம் கதைக்க வேண்டியிருந்ததால் இந்த முறை செபமாலைக்கு நின்றேன்.

ஒழுங்கையின் முனையில் மாதா கூட்டுக்கு மின்குமிழ்கள் கட்டியிருந்தார்கள். வாசிக்க வந்தவர் கப்பல் கம்பனியில் கிளார்க். கதிரையில் இருந்தார். கால்கள் இரண்டையும் பின்னுக்கு மடித்துக் கதிரைக்கு அடியில் கோத்துக்கொண்டார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாம் பாட்டும் முடிந்தது. கால்கள் வெளியே வரவே இல்லை.

முடிந்ததும் போய்க் கேட்டேன். "பெடல் பாவிக்கிறேல்லையா?"

"ஐயோ சேர், எனக்குப் பெடல் இல்லாத ஹவாயன் கிற்றார்தான் தெரியும். இதுல தெரியாம கால் பட்டா சுருதி ஓடிருது. அதான் காலப் பூட்டிக்கிட்டு இருக்கிறது."

"ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தானா?"

"ஓம் சேர். என்ட கிற்றார் வீட்டுல சும்மாதான் கிடக்கு. மிஸ்தான் இதையே வாசிக்கச் சொல்றாங்க."

பிளாஸ்டருக்குள் கட்டைவிரல் விண்விண் என்றது. நேரே மிஸ்ஸிடம் போனேன். கடதாசியில் சுற்றிய கச்சான் கடலைச் சரைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசிக்கிறவரிடமே ஒரு கிற்றார் இருக்கிறதாம், பெடலே தேவையில்லையாம், இதை விற்க விடுங்கள் என்றேன். நல்லாய் வாசிக்கிற ஒரு பெடியன் காத்திருக்கிறான் என்றும் சொன்னேன்.

"அவருக்குப் பெடல் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? அண்ணா வாசிச்சதக் கேட்டவ நான்."

"அப்ப ஏன் மிஸ்?"

"சத்தத்துக்கா நான் கேட்டேன்? வித்த சாமான் எந்த வீட்டுக்குப் போச்சுன்னு யாரு வந்து சொல்லுவாங்க. வருசத்துக்கு ஒருக்கா கண்ணால பாக்கணும், அவ்வளவுதான். அந்தப் பெடியன் கொண்டுவருவானா?"

"வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க," என்று என் கையிலும் ஒரு கச்சான் சரையைத் தந்தார்.

பேசாமல் விற்றிருக்கலாம். தெஹிவளை முகவரி மிஸ்ஸுக்குத் தெரியாது, போன் நம்பரையும் மாற்றலாம். எல்லாம் வசதியாகத்தான் அமைந்திருந்தது. பெடியனுக்கு அழைக்கப் போனை எடுத்து, இரண்டு முறை திரும்ப வைத்தேன்.

இப்போது தெஹிவளை வீட்டில், பெடல்களும் கம்பிகளும் நூல்கள் கட்டியபடியே கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. மேற்பகுதி அலுமாரி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. உடுப்புகள் சூட்கேஸில். வரும் ஒக்டோபருக்குப் பெடல்கள் கொட்டாஞ்சேனைக்குப் போகமாட்டா. அந்த அளவுக்காவது முதுகு தப்பும்.

பெடியன் இன்னமும் இடைக்கிடை அழைக்கிறான். "கயித்த அவுத்துட்டீங்களா அங்கிள்?"

இல்லை என்கிறேன். மனைவி சூட்கேஸுக்குள் தன் சேலையைத் தேடிக்கொண்டே என்னைப் பார்க்கிறாள்.